பட்ட மரம் நிற்கட்டும்

மார்ச் முதல் வாரம், ஒரு காலை நேரம். இரவுப் பணி முடிந்து வந்து, அம்மா போட்டுவைத்திருந்த தேநீரோடு சமையலறை சன்னலில் நின்றுகொண்டிருந்தேன். பின்பக்கத்து லோங்காங்கை, அதாவது பெரிய வடிகாலை, தாண்டி ஒரு சின்னக் காடு இருக்கிறது. அங்கிருந்து டொக், டொக் டொக் என்று சத்தம். மரங்கொத்தி தன் இனத்துக்குச் சேதி சொல்லக் கிளையில் அடிக்கும் சத்தம் ஒரே மூச்சில் கடகடவென்று உருளும். இரை தேடித் தட்டுவது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். வீடு குடையும்போது மட்டும், தச்சர் உளி பிடித்த மாதிரி, நிதானமாக, ஒரே இடத்தில், மணிக்கணக்காக நடக்கும். கொஞ்ச நாள் கேட்டுப் பழகினால் காதே பிரித்துச் சொல்லிவிடும். அன்று கேட்டது வீடு குடையும் சத்தம்.

தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். உச்சி முறிந்து, தோல் உரிந்து, வெள்ளையாக நின்ற அல்பிசியா மரக்கட்டை ஒன்று. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் நாலாம் மாடி உயரத்தில் வட்டமாக ஒரு குழி. அதில் தலையைவிட்டு வேலைபார்த்துக்கொண்டிருந்தது செங்கொண்டை வைத்த ஆண் பறவை. முதுகில் மஞ்சள் வெயிலைப் பூசினாற்போல ஒரு நிறம். இங்கே சிங்கப்பூரில் பறவை பார்ப்பவர்கள் எல்லாரும் காமன் ஃப்ளேம்பேக் என்றுதான் சொல்கிறோம். தமிழ்நாட்டில் பொன்முதுகு மரங்கொத்தி என்கிறார்களே, அதன் நெருங்கிய உறவு. ஆணுக்குக் கொண்டை சிவப்பு. பெண்ணுக்குக் கறுப்பு, அதில் அரிசி சிந்தினாற்போல வெள்ளைக் கீற்றுகள். இன்னொரு அடையாளம் காலில் இருக்கிறது. பெரும்பாலான மரங்கொத்திகளுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று நாலு விரல்கள். இதற்கு மூன்றுதான்.

"எத்தனை மரத்தைக் கொத்தினாலும் மரங்கொத்தி கடைசியில வாழை மரத்துலதான் மாட்டிக்குமாம்" என்றார் அம்மா, பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்து. அம்மா பிறந்து வளர்ந்தது தீவின் வடக்கே 'நீ சூன்' பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தாத்தா பால் வெட்டுபவர். பட்டுப்போன ரப்பர் மரத்தில் எல்லாம் ஓட்டை இருக்குமாம். பிள்ளைகள் கையை விடக்கூடாது, உள்ளே பாம்பு இருக்கும் என்று பாட்டி மிரட்டி வைத்திருந்தாராம்.

பழமொழி வாழைமரத்தைச் சொன்னாலும், உண்மையில் இந்தப் பறவை மரம் தேர்ந்தெடுப்பதில் அத்தனை கவனமானது. உயிரோடிருக்கும் கடின மரத்தைக் குடைய அதன் அலகால் முடிந்தாலும் செலவு அதிகம். முழுக்க மக்கிப்போன மரமோ காற்றுக்குத் தாங்காது, குரங்கும் பாம்பும் எளிதாகப் பிய்த்துவிடும். அதற்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள மரம். ஓடு உறுதியாக, உள்ளே காளான் இழை ஓடி நெகிழ்ந்த மரம். அப்படி ஒரு மரம் ஒரே நாளில் உண்டாகாது. கிளை முறிய வேண்டும், காயத்தின் வழியே பூஞ்சை இறங்க வேண்டும், நடுத்தண்டு பல ஆண்டுகள் மெல்ல இளக வேண்டும். அதுவரை யாரும் அதை வெட்டாமல் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது.

இரண்டு வாரத்துக்கும் மேலாகக் குடைந்தது. ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு குடைந்தாலும், எனக்குத் தெரிந்து ஆணின் பங்கே அதிகம். குழி ஆழமானதும் உடம்பு முழுக்க உள்ளே போய்விடும். சற்று நேரம் கழித்துத் தலை வெளியே வரும், வாய் நிறைய மரத்தூள். தலையை இரண்டு பக்கமும் உதறிவிட்டு மறுபடி உள்ளே. ஒருமுறை எண்ணிப்பார்த்தேன், தொடர்ச்சியாக 31 தடவை.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் வரும் கேள்விதான் எனக்கும் வந்தது: தலை வலிக்காதா? மண்டையோட்டுக்குள் பஞ்சு மாதிரி எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். 2022இல் வந்த ஆய்வு அதை மறுத்துவிட்டது. மூன்று இன மரங்கொத்திகளை அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்தார்கள். அலகு நிற்கும் அதே வேகத்தில் மண்டையும் நிற்கிறது, நடுவில் எதுவும் அதிர்வைக் குறைக்கவில்லை. யோசித்தால் நியாயம்தான். ஆணி அடிக்கும் சுத்தியலின் தலையில் யாரும் ரப்பர் வைக்கமாட்டார்கள், அடித்த அடி வீணாகிவிடும். பறவை தப்பிப்பது அதன் மூளை மிகச் சிறியது என்பதால். நம் மூளையின் அளவுக்கு ஆபத்தான அடி, அந்தச் சின்ன மூளைக்கு ஆபத்து எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரங்கொத்தியின் நாக்கைத் தாங்கும் எலும்பு தொண்டையில் தொடங்கி, மண்டையின் பின்பக்கம் ஏறி, உச்சியைச் சுற்றிக்கொண்டு நெற்றிவரை வரும். தேவைப்படும்போது அலகைத் தாண்டி வெகுதூரம் நாக்கை நீட்டுவதற்கு அந்த ஏற்பாடு. நுனியில் முள், மேலே பசை. எறும்பும் புழுவும் சுரங்கத்தில் எங்கே ஒளிந்தாலும் எட்டும். வால் இறகுகள் விறைப்பானவை. மரத்தில் அவற்றை ஊன்றி, இரண்டு காலோடு மூன்றாவது கால்போல நிற்கும். மூக்குத் துளையை மூடினாற்போல மெல்லிய தூவி இருக்கும், தூள் போகாமலிருக்க.

மார்ச் கடைசியில் குடைவது நின்றது. அதன் பிறகு ஒன்று வெளியே வரும், மற்றது உள்ளே போகும். முட்டை இட்டாயிற்று என்று புரிந்துகொண்டேன். இந்த இனம் இரண்டு, மூன்று முட்டை வைக்கும். வெள்ளை முட்டை. இருட்டுக்குள் இருப்பதற்கு நிறமும் புள்ளியும் எதற்கு? வைக்கோல், நார், பஞ்சு எதுவும் கொண்டுவந்து மெத்தை போடாது. குடைந்த தூள்தான் படுக்கை.

மரங்கொத்திக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இரவில் நடப்பது. பெரும்பாலான மரங்கொத்திகளில் இரவு முழுக்க முட்டை மேல் உட்காருவது ஆண். நாங்கள் பார்த்த ஜோடியும் அப்படித்தான். மாலை ஏழு மணிவாக்கில், நான் பணிக்குக் கிளம்பும் நேரத்தில், செங்கொண்டை வந்து தண்டில் ஒட்டும், இரண்டு பக்கமும் பார்க்கும், உள்ளே நுழையும். பெண் பறந்து போய்விடும். இரவுப் பணிக்குப் போகிற இரண்டு பேர் என்று அம்மாவிடம் சொல்வேன்.

நடுவில் ஒரு பயம் வந்தது. சிவப்பு மார்புக் கிளிகள் இரண்டு அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டன. இந்தக் கிளிகள் சிங்கப்பூருக்கு உரியவை அல்ல. கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, இப்போது கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. இவற்றால் குடைய முடியாது. பிறர் குடைந்ததுதான் வீடு. மைனாவும் அப்படித்தான், இந்த மண்ணுக்கே உரிய நீள்வால் கிளியும் அப்படித்தான். ஒரு மரங்கொத்தி ஒரு பருவத்துக்குக் குடையும் பொந்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் எத்தனையோ உயிர்கள் வாடகையின்றிப் பயன்படுத்தும். ஆனால் பொந்துக்குத் தட்டுப்பாடு இருக்கும் ஊரில் பழைய பொந்து காலியாகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. இரண்டு காலை அந்தக் கிளிகள் வாசலைச் சுற்றிக் கத்தின. ஆண் உள்ளேயிருந்து அலகை மட்டும் நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் கிளிகள் வரவில்லை.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை, பேருந்திலிருந்து இறங்கி நடந்துவந்தால், லோங்காங் ஓரத்தில் லாரியும், ஆளை உயரே தூக்கும் பூம் லிஃப்ட்டும் நிற்கின்றன. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஐந்து பேர். செயின்சா தரையில் இருக்கிறது. என் கால் வேகமெடுத்ததை நான் உணரவே இல்லை.

நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர்களில் ஒருவர் மேலே கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார். தமிழ். "அண்ணே, ஒரு நிமிசம் பொறுங்கண்ணே. உள்ள குஞ்சு இருக்கு. சத்தம் கேக்குது பாருங்க." கடிகாரம் வேகமாக ஓடுவது போன்ற ஒரு சளசளப்பு. அது எனக்கும் கேட்டது. சன்னலிலிருந்து இத்தனை நாள் பார்த்தவளுக்குக் கேட்காத சத்தம் அது.

புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். "எங்கூர்ல தென்னையில பொந்து போடும் அக்கா. மட்டை விழுந்த மொட்டத் தென்னையா பாத்துப் போடும். தலையக் காட்டுனதுமே தெரிஞ்சுபோச்சு, இதும் அந்த சாதிதான்னு" என்றார். மேற்பார்வையாளரிடம் நானும் போய் நின்றேன். அவர் தொலைபேசியில் யாரிடமோ பேசினார், படம் எடுத்து அனுப்பினார். அரை மணி நேரம் கழித்து லாரி கிளம்பியது. குஞ்சு பறந்த பிறகு வருகிறோம், அதுவரை இந்தப் பக்கம் யாரும் நடக்கக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டுப் போனார்கள்.

மரம் வெட்டுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2017 பிப்ரவரியில் தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுக்கும் மேல் பழைமையான தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து ஒரு தாய் இறந்துபோனார். இது வெயிலும் இடிமழையும் மாறி மாறி அடிக்கிற ஊர். நடைபாதைக்கு மேல் பட்ட மரம் நின்றால் அது விழும் நாளை யாராலும் கணக்கிட முடியாது. அல்பிசியா அதிலும் மோசம். உலகில் மிக வேகமாக வளரும் மரங்களில் ஒன்று, அதனாலேயே தண்டு லேசானது, சட்டென முறியும். அதே லேசான தண்டுதான் மரங்கொத்திக்கு வேண்டியதும். ஆளுக்கு ஆபத்தானது பறவைக்கு வீடாவதுதான் இதில் உள்ள சிக்கல். நான் கேட்பதெல்லாம், ஆள் நடக்காத இடத்தில் ஆள் நடக்கும் இடத்தின் சட்டம் எதற்கு என்பதுதான். வேலிக்கு அந்தப் பக்கம், இருபது மீட்டர் உள்ளே நிற்கும் கட்டை யார் தலையில் விழப்போகிறது? ஓரத்தில் நிற்பதையும் அடியோடு எடுக்க வேண்டுமா? உச்சியை வெட்டி, மூன்று ஆள் உயரத்துக்குக் கட்டையை விட்டுவைத்தால் என்ன?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் இன்று குடியிருக்கும் மரங்கொத்திகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். முதலில் குட்டி மரங்கொத்தி, சிட்டுக்குருவி அளவு, 13 சென்டிமீட்டர்தான். தீவு முழுக்க இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போகும் வழியில் சாலையோர மரத்தில்கூடப் பார்த்திருக்கிறேன். அடுத்தது நான் சொல்லிக்கொண்டிருக்கும் ஃப்ளேம்பேக், பூங்காக்களிலும் தோட்டங்களிலும் தென்படும். பச்சை நிற லேஸ்டு மரங்கொத்தி தரையிலும் இறங்கி எறும்பு தின்னும். புலாவ் உபின் தீவில் சைக்கிள் ஓட்டினால் பெரும்பாலும் கண்ணில் படும். சிவப்புச் சிறகும் மஞ்சள் கொண்டை நுனியும் கொண்ட பேண்டட் மரங்கொத்தி கூச்சக்காரப் பறவை. ஐந்தாவது செம்பழுப்பு மரங்கொத்தி.

அந்த ஐந்தாவதைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தில் எறும்புகள் மண்ணும் நாரும் குழைத்துக் கால்பந்து அளவில் கறுப்பாகக் கூடு கட்டியிருக்குமே, வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் சின்ன எறும்பு, அதன் கூட்டைக் குடைந்து உள்ளே முட்டையிடும் பறவை இது. எறும்புகள் குடியிருக்கும்போதே. அதே எறும்புதான் அதன் முக்கியமான சாப்பாடும். தன் கூட்டத்தைத் தின்கிறவளின் பிள்ளைகளை அந்த எறும்புகள் ஏன் கடித்துக் கொல்வதில்லை என்று நினைத்தாலே எனக்கு வியப்பு தாளாது. பட்ட மரத்தை நம்பாத ஒரே சிங்கப்பூர் மரங்கொத்தி இதுதான்.

இருந்துபோன மரங்கொத்திகளின் பட்டியல் இதைவிட நீளம். உலகில் இன்று உயிரோடிருக்கும் மரங்கொத்திகளிலேயே மிகப் பெரியது, அரை மீட்டர் நீளமுள்ள கிரேட் ஸ்லேட்டி, இங்கே வாழ்ந்திருக்கிறது. இன்று உலக அளவிலேயே அது அச்சுறுத்தலுக்குள்ளான பறவை. காட்டுக்குள்ளேயே வாழும் வேறு சில இனங்களும் போய்விட்டன. வயிறு வெண்மையான பெரிய கறுப்பு மரங்கொத்தி மற்றவற்றைவிட நெடுநாள் தாக்குப்பிடித்தது. அதுவும் இப்போது இல்லை. அதே இனத்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் பார்க்கலாம். ஆனைமலைப் பக்கம் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் புக்கிட் தீமா காட்டில் அது கத்திய காலத்தில் நான் பிறந்திருந்தும், பார்க்கத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

1819இல் பிரிட்டிஷார் வந்த பிறகு இந்தத் தீவின் ஆதிக் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. மிளகு, கம்பீர்ச் செடி, பிறகு ரப்பர், பிறகு ஊர். கைபடாத காடு நிலப்பரப்பில் ஒரு விழுக்காடுகூட இல்லை. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்தபோது மிச்சமிருந்த காடும் இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் சேர்க்க 62 மீட்டர் நீளத்தில் ஒரு பசுமைப் பாலம் 2013இல் வந்தது. எல்லாரும் இதை மரங்களின் எண்ணிக்கையாகவே பேசுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. போனவற்றையும் இருப்பவற்றையும் உயரவாரியாக நிற்கவைத்துப் பாருங்கள். குட்டி மரங்கொத்திக்கு மணிக்கட்டு பருமனில் ஒரு காய்ந்த கிளை போதும், அதனால் ஊர் நடுவிலும் பிழைக்கிறது. ஃப்ளேம்பேக்குக்குத் தொடை பருமனுக்கு மேல் வேண்டும், அதனால் தோட்டத்திலும் கல்லறைக் காட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரை மீட்டர்ப் பறவைக்கு ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத கிழட்டு மரம் வேண்டும், பட்டும் விழாமல் பல ஆண்டு நிற்க வேண்டும். ஊர் எவ்வளவு பெரிய பட்ட மரத்தைப் பொறுத்துக்கொள்கிறதோ, அவ்வளவு பெரிய மரங்கொத்திதான் மிஞ்சியிருக்கிறது. இரையும் காட்டின் பரப்பும் காரணம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த அளவுகோல் என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

தீவின் மேற்கே தெங்காவில் ஏறத்தாழ 700 ஹெக்டரில் புதுநகரம் எழும்புகிறது. நடுவே 5 கிலோமீட்டர் நீளத்துக்கு, 100 மீட்டர் அகலத்தில் ஒரு வனப்பாதை விடுகிறார்கள். மரம் நடுகிறார்கள், நல்லது. நட்ட மரம் பட்ட மரமாவதற்கு ஒரு மனித ஆயுள் ஆகும். அங்கே ஏற்கெனவே நிற்கும் அல்பிசியாக்களில் விழப்போகிற சிலவற்றை நடுவே அப்படியே விட்டுவைத்தால் அந்த ஆயுளை மிச்சம்பிடிக்கலாம். 'கண்ட மரம்' என்று ஒதுக்கப்படுகிற இந்த மரத்தில்தான் இங்கே சேஞ்சபிள் ஹாக்-ஈகிள் என்ற கழுகும் கூடு கட்டுகிறது.

மே முதல் வாரம் குஞ்சுகள் பறந்தன. இரண்டு. முதல் குஞ்சு வாசலில் அரை நாள் தலையை நீட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கிளம்பியதை நானும் அம்மாவும் சேர்ந்து பார்த்தோம். இரண்டாவது மறுநாள் காலை, நான் பேருந்தில் இருக்கும்போது போய்விட்டதாம். அம்மா போன் போட்டுச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து லாரி வந்தது. புதுக்கோட்டைத் தம்பி என் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். "அக்கா, இறக்கிட்டோம். பாக்கணும்னா வாங்க." பொந்து இருந்த துண்டை மட்டும் தனியாக, நீளவாக்கில் பிளந்து வைத்திருந்தார்.

வாசல் வட்டம் என் நாலு விரலைச் சேர்த்து நுழைத்தால் சரியாக இருந்தது, முஷ்டி போகவில்லை. கீழ் விளிம்பு, ஆட்டுரலின் வாய் மாதிரி, வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை முறை நகம் பட்டிருக்கும். உள்ளே போனதும் வழி கீழ்நோக்கித் திரும்பி, சுரைக்குடுக்கை போல அடியில் அகன்றது. ஆழம் என் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. சுவர் முழுக்க அலகு பட்ட தடம், சின்னச் சின்னச் செதில்களாக. வெளி ஓடு சாம்பல் நிறம், நகம் இறங்கவில்லை. இரண்டு விரல் உள்ளே தள்ளி மரம் வெளிர்பழுப்பு, கிள்ளினால் ரொட்டிபோல உதிர்ந்தது, ஊடே வெள்ளை இழை. அடியில் மரத்தூள், அதில் மிளகு தூவினாற்போல எறும்புத் தலைகள். மூக்கை எரிக்கும் ஒரு நெடி. முட்டை ஓட்டின் ஒரு சில்லுகூட இல்லை.

"தென்னையில இவ்வளவு ஆழம் போகாது அக்கா" என்று தம்பி தன் கையையும் விட்டு அளந்துபார்த்தார். பிறகு மேற்பார்வையாளரிடம் கேட்டு, அந்தத் துண்டுகளையும் அடித்தண்டையும் லாரியில் ஏற்றாமல், லோங்காங்குக்கு அப்பால் உருட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் அதில் எறும்பு ஏறியது. பச்சை மரங்கொத்தி ஒன்று வந்து, கோழி மாதிரி அதன்மேல் நடந்து கொத்தியதை ஜூனில் இரண்டு முறை பார்த்தேன்.

நேற்று காலை மறுபடி அந்த நிதானமான டொக் டொக். முன்பைவிடத் தள்ளி, உள்ளே. அடைமழை விட்ட பிறகு லோங்காங் ஓரமாகப் போய் எட்டிப்பார்த்தேன். இன்னொரு பட்ட அல்பிசியா, அதன் அடியில் ஈரப் புல்லின்மேல் வெளிர்பழுப்புத் தூள், புதியது. இரவு தங்கும் பொந்தா, இரண்டாவது முறை முட்டையிடவா, இன்னும் சொல்ல முடியாது. மரத்தைச் சுற்றிவந்து பார்த்தேன். வெட்டுவதற்கான சிவப்புக் குறி இதில் போடவில்லை.